எதுன்னாலும் சொல்லுங்க

எங்கள் ஆம்பூரில் ஒரு வகை மனிதர்கள் உண்டு. கோயில், சர்ச், மசூதி என்று எந்த வாசலில் நின்று பார்த்தாலும் இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வருவார்கள், நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காருவார்கள், நெஞ்சில் கை வைப்பார்கள், "எதுன்னாலும் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க" என்பார்கள். நாம் கூச்சத்தை விட்டு வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருப்பார்கள்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கூட்டத்தில் என்னைவிடப் பழைய ஆள் கிடையாது.

எங்கள் தெருக்கோடியில் பக்ருன்னிசா இருக்கிறாள். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்த்துக்கொண்டாள். மாமியார் போனதும் கட்டில் காலியானது. ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிற ஒரு பெண், பகலில் பார்க்க ஆள் இல்லை என்று தன் அம்மாவைக் கொண்டுவந்து அதில் படுக்க வைத்தாள். அப்படியே ஒன்று ஆறானது. ஆறு கட்டில், ஆறு பெண்கள், பார்க்க ஒருத்தி. வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லை.

பலகை இல்லாத இடத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தாங்குமா? இப்படித் தனியாகக் கஷ்டப்படுகிறவளை ஊரே சேர்ந்து தாங்க வேண்டும் என்று கமிட்டி போட்டோம். சர்ச் பள்ளிக்கூட வாத்தியார் கிருபானந்தம் செயலாளர். ஷூவுக்கு மேல்பாகம் தைக்கும் யூனிட் வைத்திருக்கும் ஹயாத் பாஷா பாய் பொருளாளர். பூவம்மாள் ஆகிய நான் உறுப்பினர். என்னை எதற்குச் சேர்த்தார்கள்? கமிட்டியில் ஒரு பொம்பளை இருக்க வேண்டுமாம், ஒரு விதவை இருக்க வேண்டுமாம், படிக்காத ஆள் ஒன்று இருக்க வேண்டுமாம். என்னைப் போட்டால் ஒரே நாற்காலியில் மூன்றும் முடிந்துவிடுகிறது.

மாதாமாதம் பக்ருன்னிசா வீட்டு முன்னறையில் கூடுவோம். அவள் ஒருத்தியைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து எங்களுக்கு டீ போடுவாள், இன்னொருத்தியைக் கழுவிவிட்டு வந்து டம்ளரை எடுப்பாள். அவளுக்கு வேலை ஜாஸ்தி என்பதைப் பற்றி நாங்கள் மிகவும் வருத்தத்தோடு பேசுவோம். பலகை வாங்கிக் கொடுத்தோம். அதில் அவள் பெயரைவிட எங்கள் பெயர் பெரிது. பிறந்தநாள், நினைவுநாள் என்று ஆள் பிடித்து பிரியாணி அனுப்ப ஏற்பாடு செய்தோம். எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தோது. ஞாயிறு மதியம் மூன்று அண்டா வந்து இறங்கும். படுத்திருப்பவர்களில் நாலு பேருக்குப் பல் கிடையாது. திங்கட்கிழமை மறுபடியும் கஞ்சி.

இப்படி ஒரு கூட்டத்தில் எல்லாரும் "எதுன்னாலும் சொல்லும்மா" என்று சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது, பக்ருன்னிசா நிஜமாகவே சொல்லிவிட்டாள்.

"பொருளு எதுவும் வேணாம் சார். எம் பொண்ணு ஆலங்காயத்துல மாமியார் வூட்ல இருக்கா. தலைப்பிரசவம். இங்க கட்டில் போட எடமில்ல, கூட்டினு வர முடியல. வலி எடுக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும்னு அழுவுறா. ராத்திரிக்கு இவங்க பொண்ணுங்க வந்து படுத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க. பகல்ல மட்டும் நீங்க மாத்தி மாத்தி வந்து பாத்துக்கிட்டா, நான் போய்ட்டு வந்துடுவேன்."

பாய், அப்போது ஊருக்குப் புதிதாக வந்திருந்த செல்போனை எடுத்து, அது அடிக்காமலே "ஹலோ" என்றபடி வெளியே போனார். வாத்தியார் இது மிக நல்ல கோரிக்கை என்றும், ஆராய ஒரு துணைக் கமிட்டி வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு முட்டி வலி. வலி இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. முந்தின வாரம் அதே முட்டியோடுதான் சோளிங்கர் மலை ஏறி இறங்கியிருந்தேன். கடைசியில் பக்ருன்னிசாவின் சேவைக்குச் சால்வை போர்த்துவது என்று ஒருமனதாக முடிவானது. அவள் சால்வையோடு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இதையெல்லாம் மூலைக் கட்டிலிலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபகனி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, இடுப்புக்கு மேலே எல்லாம் நன்றாகவே வேலை செய்யும்.

சில நாள் கழித்து பக்ருன்னிசா என் வீட்டுக்கு வந்து, செவ்வாய்க்கிழமை காலையில் கஞ்சி வழங்கும் விழா, நான்தான் ரிப்பன் வெட்டித் தொடங்கி வைக்க வேண்டும் என்றாள். தினமும் ஊட்டுகிற கஞ்சிக்கு என்ன விழா என்று நான் கேட்டேனா? போட்டோ உண்டா என்று கேட்டேன். உண்டு என்றாள். முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். ஜெபகனியின் கட்டிலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. வெட்டினேன். படுத்தபடியே கை தட்டினார்கள். போட்டோக்காரர் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பினார். சிரித்த வாயை மூடாமல் திரும்பிப் பார்த்தால், பக்ருன்னிசா புர்கா போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வாசலில் ஆட்டோ.

"அக்கா, கஞ்சி அடுப்புல கீது. வர்றேன்."

போய்விட்டாள். நான், என் பட்டுப்புடவை, கையில் கத்திரிக்கோல், எதிரே ஆறு பசித்த வாய்.

"இன்னா பூவம்மா பாக்கிற?" என்றாள் ஜெபகனி. "கத்திரிக்கோல வச்சிட்டுக் கரண்டிய எடு."

"இது உன் வேலையா?"

"பின்ன? உங்கள வேலைக்குக் கூப்பிட்டா முட்டி வலிக்குது. விழான்னா ஓடி வர்றீங்க. மதியம் பாய் வர்றாரு, போர்வை அலசறதத் தொடங்கி வைக்க. சாயங்காலம் வாத்தியாரு சிறப்புரை."

"எதுல?"

"பெட்பான் கழுவறதுல. தலைய நல்லா நிமித்திப் புடிச்சி ஊட்டு, பொரையேறப் போவுது."

அன்றைக்கு நான் ஊட்டியதில் பாதி கஞ்சி என் பட்டுப்புடவைதான் குடித்தது. மறுநாளாவது ரிப்பன் இல்லாமல் போனேன் என்று நினைக்காதீர்கள். மறுநாளும் ரிப்பன். வெட்டிய அதே ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். பாய் வெட்டினார், வாத்தியார் வெட்டினார், நான் வெட்டினேன். வெட்ட வெட்ட முடிச்சு பெருத்தது, நீளம் கம்மியானது. கடைசியில் கட்டிலுக்கு எட்டாமல் தலையணைக்குக் கட்டினாள் ஜெபகனி. அதையும் வெட்டினோம்.

அதற்குள் ஆலங்காயத்தில் பக்ருன்னிசாவின் மகள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். பக்ருன்னிசா திரும்பி வந்தபோது ஆறு பேரும் புண் இல்லாமல், ஈரம் இல்லாமல் படுத்திருந்தார்கள். அவள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். நாங்கள் மூவரும் போட்டோக்காரரைத் தேடினோம்.

இப்போதும் காலையில் போய்க் கஞ்சி ஊட்டுகிறேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நிறைவு விழா ஒன்று உண்டு, தலைமை யார் என்று முடிவாகவில்லை, தேதியும் இன்னும் சொல்ல முடியாது என்கிறாள் ஜெபகனி. ஒரு நாள் போகாமல் இருந்து, அன்றைக்கே அது நடந்துவிட்டால்?

இதைக் கேட்டதும் உங்கள் கை நெஞ்சுக்குப் போகிறது பாருங்கள். "ஐயோ பாவம், எதுன்னாலும் சொல்லச் சொல்லுங்க" என்று வாய்வரை வந்துவிட்டது. தாராளமாகச் சொல்லுங்கள். ஜெபகனி புது ரிப்பன் வாங்கி வைத்திருக்கிறாள். உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?