மாமா தனியாக எடுத்து வைத்த நாலு லட்சம்

குருவிட்ட,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம்.

அன்பு மருமகன் இந்திரகுமாருக்கு, உன் தாய்மாமன் ஏழுமலை மனம் நிறைந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை புஷ்பமும் சொந்த வீட்டில் சுகமாக இருக்கிறோம். அங்கு தெரணியகலையில் நீ சுகமாக இருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் இதெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான். உன் கல்யாணப் பந்தியிலேயே, பாயாசம் வருவதற்கு முன்னால், பக்கத்து இலைக்காரரிடம் சொன்னேன்: "இந்தப் பையன் ஒருநாள் வீடு வாங்குவான், அந்த வீட்டாலேயே பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவா." அவரே சாட்சி. இப்போது காலமாகிவிட்டார்.

உன் செய்தி கிடைத்தது. வீட்டு விலையைக் கொடுத்த பிறகு கையில் ஆறு லட்சம் மிஞ்சும் என்றும், அதில் தரைக்கு டைல்ஸும் வாசலுக்கு இரும்பு கேட்டும் போடவேண்டும் என்று நீ சொல்ல, ஒரு சதம்கூடத் தொடக்கூடாது என்று நிரோஷா சொல்ல, பேச்சு முற்றி அவள் றக்வானைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றும், அவளும் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதலாம், வருகிற வியாழக்கிழமை தவறினால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்றும் சொல்லியிருந்தாய். "வீடு வாங்கின பிறகு கையில எவ்வளவு மிச்சம் வைக்கணும் மாமா?" என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். போனில் சொல்லலாம், ஆனால் நான் பேசும்போது உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருப்பாள். அதனால் கடிதமாக எழுதி, நாளைக்குத் துணி மூட்டையோடு உங்கள் பக்கம் வரும் ஆஸிக் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

என் கதையைக் கேள். தோட்டத்து லொறியை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஈ.பி.எஃப். காசை எடுத்து, பழைய வேனையும் விற்று, இங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹிஷாம் நானாவிடம் முப்பத்தைந்து லட்சத்துக்கு இந்த வீட்டை வாங்கினேன். விலை பேசியது உன் அத்தை. அந்த மாதிரிச் சில்லறை வேலைக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது. மற்றவன் என்றால் கடைசிச் சதம் வரைக்கும் வீட்டில் போட்டுவிட்டு வெறும் கையோடு நிற்பான். நான் ஒருத்தருக்கும் தெரியாமல் நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து, எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் வைத்தேன். இடத்தை உனக்கும் சொல்ல மாட்டேன்.

வச்சது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு கேளு. பால் காய்ச்ச வந்தன்னிக்கே சாமான் ஏத்தின லொறி மேட்டுல ஏறாம நின்னுக்கிச்சு, நான் சும்மா இருப்பேனா, அந்த டிரைவரை இறக்கிட்டு ஸ்டியரிங்கை நானே புடிச்சேன், லொறி இன்னும் கொஞ்சம் பின்னால போய் பக்கத்து வீட்டு மதிலைத் தொட்டுச்சு, தொட்டதுக்கே விழுதுன்னா அது என்ன மதில், அந்த வீட்டு மாத்தயாவுக்கு நான் சிங்களத்துலேயே நீளமா ஒரு விளக்கம் குடுத்தேன், அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு, கடைசியில மதிலைக் கட்டிக் குடுக்கிறதுன்னு முடிவாச்சு, இருப்புல இருந்து எடுத்தேன். அடுத்தது இடி. ஊர்ல எத்தனையோ தென்னை மரம் இருக்க, தேடி வந்து என் கிணத்து மோட்டார்ல விழுந்துச்சு, இருப்புல இருந்து எடுத்தேன். அதுக்கப்புறம் மழை. நான் அறிஞ்ச மழையில இது ரெண்டாவது பெருசு, முதலாவது நான் பொறக்கிறதுக்கு முன்னால பெஞ்சது. வீட்டுக்குப் பின்னாடி மண் திட்டு சரிஞ்சு, மேல் வீட்டு வாழைமரம் ஒண்ணு குலையோட, நின்ன நிலையிலேயே இறங்கி வந்து எங்க குசினி வாசல்ல நின்னுச்சு. உன் அத்தை எட்டிப் பார்த்துட்டு, "ஏங்க, விருந்தாளி வந்திருக்கு. வெறுங்கையோட வரல, பழம் கொண்டாந்திருக்கு"ன்னா. மண்ணை அள்ளி, கல்லடுக்கி, அணை கட்டினதும் இருப்புல இருந்துதான்.

எல்லாத்தையும் மிஞ்சினது கக்கூஸ் குழி. மழையில பழைய குழி நிரம்பிருச்சு, புதுசா ஒண்ணு வெட்டணும்னு கொத்து வேலை செய்யிற பாஸ் சொன்னான். மாணிக்கம் தோண்டுற ஊரு இது, குருவிட்டவுல ஒருத்தன் வீட்டுக்குப் பின்னால ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டினா ஊரு என்ன நெனைக்கும், மாணிக்கக்கல்லுன்னுதான் நெனைக்கும். மழைக்கு மறைப்பா நான் நீல விரிப்பு கட்டினது இன்னும் மோசமாப் போச்சு, கல்லுக்குத் தோண்டுற குழிக்கு மேலயும் அப்படித்தான் கட்டுவாங்க. விடியக்காலையே வேலியோரம் கூட்டம். "ஏழுமலை அண்ணே, மண்ணு எப்படி?"ன்னு கேக்கிறாங்க. "கக்கூஸுக்குப்பா"ன்னு சொன்னேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க"ன்னு கண்ணடிக்கிறாங்க. பங்குக்கு வர்றேன்னு ரெண்டு பேரு, ராத்திரி காவல் இருக்கேன்னு ஒருத்தரு. கடைசியில அனுமதிப் பத்திரம் இருக்கான்னு பார்க்க ஒரு ஐயா மோட்டார் சைக்கிள்ல வந்துட்டாரு. என்ன கெடைச்சதுன்னு சிங்களத்துல அதட்டிக் கேட்டாரு. நான் வாயே திறக்கல, பழைய குழியோட மூடியைத்தான் திறந்தேன். ஐயா ஹெல்மெட்டை மாட்டாமலேயே கிளம்பிட்டாரு. கூட்டத்துக்கு மட்டும் நம்பிக்கை போகல, வேலை முடியிற வரைக்கும் அத்தனை பேருக்கும் டீயும் பனிஸும் நம்ம செலவு. அதுவும் இருப்புல இருந்து.

ஆகவே மருமகனே, மிஞ்சுற பணத்தை மூணு பங்காப் போடு. ஒரு பங்குல டைல்ஸ், ரெண்டு பங்கைத் தொடாதே. ஆனா அந்த ரெண்டு பங்கு ஆம்பளை கையில இருக்கணும். பொம்பளைங்க கையில இருந்தா சேலையாவும் சீட்டாவும் போயிரும். நாளைக்கே றக்வானைக்குப் போய், "பணம் என் பொறுப்பு, நீ கையெழுத்தை மட்டும் போடு"ன்னு நிரோஷாகிட்ட கண்டிப்பாச் சொல்லு. குருவிட்ட மாமா சொன்னாருன்னு சொல்லு, பயப்படுவா.

உன் கிணறு வற்றாமலும், கரண்ட் பில் வளராமலும், பின்பக்கத்து மண் நகராமலும், நீயும் நிரோஷாவும் புது வீட்டில் பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்,
அ. ஏழுமலை
(சொந்த வீட்டுக்காரர்)

பி.கு: கவரை ஒட்டப் பசை தேடிட்டு வர்றதுக்குள்ள உன் அத்தை இதை எடுத்து வாசிச்சுட்டா. சண்டை போடல. "எழுத்து அழகா இருக்குங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ட்டா. அதுதான் தாங்க முடியல. ஆகவே ஒரு சின்னத் திருத்தம். நாலு லட்சத்தை நான் எடுத்து வைக்கல. கடைசிச் சதம் வரைக்கும் வீட்டுல போட்டுட்டு வெறும் கையோட நின்னவன் நான்தான். மதிலுக்கும் மோட்டாருக்கும் அத்தைதான் உள்ள இருந்து காசு கொண்டாந்தா, கேட்டா அக்காகிட்ட கைமாத்துன்னா. போன கிழமை கட்டிக்கிறதுக்கு ஒரு சாரம் எடுக்கக் கடைக்குப் போனப்போ ஹிஷாம் நானா சொல்றாரு, "முப்பத்தொரு லட்சத்துக்கு அந்த வீட்டைத் தந்தது இன்னும் மனசு ஆறல்ல அண்ணே, உங்க வீட்டு அம்மா அப்படிப் பேசிட்டாங்க"ன்னு. என்கிட்ட அவ சொன்னது முப்பத்தஞ்சு. உறுதி எழுதுற நொத்தாரிசு ஆபீஸுக்குள்ள அவ காசை எண்ணிக் குடுக்கும்போது, நான் வெளியில நாலு பேருக்கு வீடு வாங்குற முறையை விளக்கிக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டேன். "முப்பத்தொண்ணுன்னு சொல்லியிருந்தா, மிச்ச நாலுக்கு நீங்க மாடி கட்டியிருப்பீங்க"ன்னா. மாடிக்கு நான் படம் வரைஞ்சு வச்சிருந்தது அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னும் புரியல.

அதனால றக்வானைக்குப் போ, ஆனா கண்டிப்பெல்லாம் வேணாம். டைல்ஸ் பேச்சை விட்டுட்டு, ஆறு லட்சமும் உன் பொறுப்புன்னு நிரோஷாகிட்ட சொல்லிக் கையெழுத்துக்குக் கூட்டிக்கிட்டு வா. எவ்வளவு மிச்சம் வைக்கணும்னுதானே கேட்ட. இப்ப அத்தைகிட்ட இன்னும் எவ்வளவு இருக்குன்னு கேட்டா, ஒண்ணுமே இல்லைங்கிறா. நானும் அலுமாரி, அரிசி வாளி எல்லாம் பார்த்துட்டேன், இல்லதான். நேத்து குசினிக் கூரை ஒழுகுச்சு. இன்னிக்குக் காலையில புதுத் தகரம் வந்து இறங்கியிருக்கு. அந்த அளவு இருந்தாப் போதும்.