பிசிக்ஸ் பேப்பரும் அம்மைக் குத்தும்

என் அப்பா இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. இறந்தவர்மீது கோபப்படக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் படுகிறேன். மார்ச் மாதத்தில் பிள்ளைகள் அட்டையும் பேனாவுமாகப் பரீட்சைக்குப் போவதைப் பார்த்தால் போதும், திவசச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு அவரைத் திட்டத் தொடங்கிவிடுவேன். (திவசமும் மார்ச்சில்தான் வருகிறது. அதையும் அவர் வேண்டுமென்றே செய்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

அறுபதுகளின் தொடக்கம். சேலம் குகைப் பகுதியில் ஒரு நெசவாளர் தெரு எங்களுடையது. வீட்டுக்கு வீடு தறி. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். அதில் எனக்கு இருந்த திமிரையும் சொல்லிவிட வேண்டும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஓர் இங்கிலீஷ் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பேன். படிப்பதற்கல்ல, பார்ப்பவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக. பட்டப்படிப்புக்கு முந்தைய பி.யு.சி.யில் முதல் முயற்சியிலேயே முதல் வகுப்பு வாங்கினால் பி.எஸ்சி. பிசிக்ஸில் இடம் நிச்சயம் என்று பிரின்சிபால் அம்மாள் சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் கல்யாணம் நிச்சயம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

பிசிக்ஸ்தான் கடைசிப் பேப்பர், ஒரு புதன்கிழமை. பத்து மணிக்கு ஆரம்பம். பத்தே முக்காலுக்கு நான் பாயில் விதியைப் பாதி எழுதியிருந்தேன். எழுத எழுத எனக்கே என் கையெழுத்தைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. அப்போது கதவருகில் கல்லூரிப் பியூனும் அவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் அப்பாவும் வந்து நின்றார்கள். அப்பா கண்காணிப்பாளரிடம் கைகூப்பினார்.

"ஊட்ல அவசரமுங்க. எம்புள்ளைய ஒடனே அனுப்பிச்சுடுங்க."

"வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம், தெரியுமா?" என்று கண்காணிப்பாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "உங்கம்மாளுக்கு ஒடம்பு முடியல சாமி. வா" என்றார் மெதுவாக.

என்ன உடம்பு, எப்போதிருந்து என்று ஒரு கேள்வி கேட்டேனா? இல்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஓடினேன். ஜட்கா வண்டியில் வழி நெடுக அழுதேன். அம்மா பிழைத்தால் திருச்செங்கோட்டு மலைப்படி அத்தனைக்கும் மஞ்சள் பூசுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் வேறு சொன்னேன். இதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டு வாசலில் பஜ்ஜி வாசனை வந்தது. சாகக் கிடக்கவேண்டிய அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுதா? மூஞ்சியக் கழுவிட்டு அந்தப் பச்சைச் சேலையக் கட்டிக்க. ராசிபுரத்துல இருந்து பொண்ணு பாக்க வந்திருக்காங்க."

அப்பா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "திடுதிப்புன்னு வந்துட்டாங்க சாமி. பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்கு முன்ன பாத்தாகணும். பரீட்சை செப்டம்பர்லயும் வருது. மாப்பிள்ளை செப்டம்பர்ல வருவானா?"

நான் சேலை மாற்றவில்லை. மசிக்கறை பட்ட விரல்களோடு, ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே போய் நின்றேன். மாப்பிள்ளைப் பையன் பஜ்ஜியை விட்டுத் தலை நிமிரவில்லை. அவனுடைய அம்மா, "ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்றாள்.

எனக்குப் பாட்டு வராது. வந்த கோபத்தில் வேறொன்று வந்தது. பாதியில் விட்டுவந்த பாயில் விதியை, இங்கிலீஷில், தொண்டை கிழியச் சொன்னேன். அழுத்தம், கன அளவு, மாறாத வெப்பநிலை, கடைசியில் சோதனைக்கான படத்தையும் காற்றில் வரைந்து காட்டினேன். மூக்கிலிருந்து ஒரு பக்கம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"சாமி பாட்டாட்டம் இருக்குது. புள்ளைக்கு பக்தி ஜாஸ்தி" என்றாள் அந்த அம்மாள், மனநிறைவாக.

பிடித்துப்போய்விட்டதாம். தரகரிடம் சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பரீட்சை பதினொரு மணிக்கு முடிந்துவிடும் என்றுதான் அவளிடம் அப்பா சொல்லியிருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"நான் சாகக் கெடக்கறேன்னுதான் புள்ளைய எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"சாகக் கெடக்கறேன்னு சொல்லல. முடியலன்னுதான் சொன்னேன்."

"அந்தப் பரீட்சைய மறுபடி எழுத வெக்கறீங்க. எழுதி முடிக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அப்பா சமாளித்திருப்பார்.

மறுநாள் பிரின்சிபால் அம்மாளிடம் போனோம். உடம்பு சரியில்லாமல் பாதியில் எழுந்தவள் என்று டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடலாம், அனுமதி வந்தால் செப்டம்பர்த் தேர்வை முதல் முயற்சியாகவே எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் தோல்விதான் என்றார். மூன்று ஆங்கில மனுக்களை நானே எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் 'என் தந்தை ஒரு பொய்யர்' என்ற பொருளில் போய் முடிந்தது. நான்காவதில்தான் 'திடீர் நோய்' என்று அடக்கமாக எழுத வந்தது. சர்டிபிகேட்டைத் தானே வாங்கி வருவதாக அப்பா கிளம்பினார். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் வாங்கி, என்னிடம் காட்டாமலே மனுவோடு சேர்த்துக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன நோவுன்னு எழுதியிருக்குதுப்பா?"

"அம்மை."

அப்பா தம் சாமர்த்தியத்தை விளக்கினார். "காச்சல்னா கையத் தொட்டுப் பாப்பாங்க. வயித்துவலின்னா நம்பமாட்டாங்க. ஆத்தா எறங்கியிருக்கான்னு சொன்னா எவனாச்சும் கிட்ட வந்து பாப்பானா?"

அதற்குள் அம்மா வேப்பிலை ஒடிக்கக் கிளம்பிவிட்டாள். ஆத்தாள் பெயரைச் சொல்லியாகிவிட்டது, இனி ஆத்தாள் வீட்டுக்குள் இருப்பதாகத்தான் அர்த்தம், இல்லையென்றால் உண்மையிலேயே வந்துவிடுவாள் என்பது அவள் கட்சி. வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. கறி நின்றது. தறிச் சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது என்று தறியும் நின்றது. (அப்படி ஒரு வழக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்பட்டதில்லை. அப்பாவுக்காகவே அன்றைக்கு உண்டாக்கியது என்று நினைக்கிறேன்.) அப்பா மூன்று நாள் உப்பில்லாக் கூழைக் குடித்துக்கொண்டு, ஓடாத தறியின் முன் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு எதிரே வேப்பிலைப் படுக்கையில் படுத்து அவரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ராசிபுரத்துக்குச் செய்தி போய், அம்மைத் தழும்பு விழுந்த முகம் தங்களுக்கு வேண்டாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நான் குதித்திருக்க வேண்டும். பதிலாக, ஒரு தழும்புகூட இல்லாத முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, இதையா வேண்டாமென்றார்கள் என்று ஒரு மணி நேரம் அழுதேன். வேண்டாத மாப்பிள்ளை என்னை வேண்டாமென்றதற்கு அழுத கழுதை அன்றைய சேலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள் காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அம்மை என்றால் மற்றப் பெண்களுக்கும் ஆபத்தாயிற்றே, அதனால் பிரின்சிபால் அம்மாள் கடமை தவறாமல் நகராட்சிச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். வந்தவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் பெட்டியோடு அம்மைத் தடுப்பூசி குத்துகிறவர்கள் இரண்டு பேர்.

"நோயாளி எங்கே? ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அம்மா வேப்பிலைக்குக் குறுக்கே நின்றாள். கொட்டகையில் உண்மையான அம்மை கண்டவர்கள் கிடப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். போனால் நோய் நிச்சயம். போக மறுத்தால் பொய் வெளியாகிப் பரீட்சை போய்விடும். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எழுந்து நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அம்மையும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. எங்கப்பா பஜ்ஜி திங்கக் கூட்டிட்டு வந்தாருங்க" என்று ஆரம்பித்து, ராகு காலத்திலிருந்து ராசிபுரம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா நடுவில் "சாமி, சாமி" என்றார். நான் நிறுத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். அப்பா பக்கம் திரும்பினார்.

"இந்தத் தெருவுக்கு அம்மை குத்த ரெண்டு தடவ வந்தேன். ரெண்டு தடவயும் வெரட்டி அடிச்சாங்க. கை வீங்கினா தறி ஓடாதுன்னு. முன்னால நின்னு வெரட்டினது நீங்கதானே?"

அப்பா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பொய் சர்டிபிகேட்னு எழுதினா டாக்டரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க. புள்ளை படிப்பு போயிடும். அதனால ஒண்ணு செய்யலாம். நீங்க மொதல்ல கைய நீட்டுங்க. அப்புறம் தெருவுல அத்தனை பேரையும் நீங்களே கூப்பிட்டு வந்து நிறுத்துங்க. ஒரு ஆள் குறைஞ்சாலும் நான் எழுதிடுவேன்."

அன்று நான் பார்த்த காட்சிக்காக ஒரு பேப்பர் என்ன, இரண்டு பேப்பரைக்கூட விட்டுக்கொடுத்திருப்பேன். திருகாணி மாதிரி ஒன்றைக் கையில் வைத்து முறுக்குவார்கள். ஊசியைப் பார்த்தாலே ஓடுகிற என் அப்பா வாசலில் எல்லோரும் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார். பிறகு வீடு வீடாகப் போய், "எம்புள்ளைக்கு வந்துருச்சுங்க, உங்க புள்ளைகளுக்கு வரவேண்டாமுங்க" என்று கெஞ்சினார். வாசலில் வேப்பிலை தொங்கும் வீட்டுக்காரர் சொல்லும்போது யார் மறுக்க முடியும்? தெருவே குத்திக்கொண்டது. என்னையும் விடவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதிய அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மாணவியை நேரில் பார்த்தேன். தற்போது நோய் ஏதும் இல்லை. தெருவில் அனைவருக்கும் அம்மை குத்தப்பட்டது.' ஒரு வார்த்தை பொய் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அனுமதி வந்துவிட்டது.

தெருதான் அந்த வாரம் முழுவதும் காய்ச்சலில் கிடந்தது. கைகள் வீங்கி, நூல் ஓட்டும் நாடாவை எறிய முடியாமல் எல்லாத் தறிகளும் நின்றன. எப்படியோ விஷயமும் கசிந்துவிட்டது. நான் குழாயடிக்குப் போனால் கையைத் தடவிக்கொண்டே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றோடு கக்கத்திலிருந்த புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டேன்.

செப்டம்பரில் எழுதினேன். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அம்மா கல்லூரி வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயில் விதி வரவில்லை. ரிசல்ட் வந்த அன்று தெரு முழுவதும் எங்கள் வாசலில் கூடிவிட்டது. பிசிக்ஸில் நூற்றுக்கு அறுபத்திரண்டு. முதல் வகுப்பு, தப்பித்தோம் என்று நான் மூச்சு விடுவதற்குள், பக்கத்து வீட்டு மாமா சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டி, "இத்தனை பேரு கைய வீங்க வெச்சுப்போட்டு அறுவத்திரெண்டுதானா சாமி?" என்றார்.

அடுத்த கோடையில் ஊருக்குள் உண்மையாகவே அம்மை வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போனதை எங்கள் வாசலில் நின்று பார்த்தோம். எங்கள் தெருவில் ஒருவரையும் அது தொடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா திறந்தார். சாகும்வரை மூடவில்லை. தெருவையே காப்பாற்றுவதற்காகத்தான் அன்றைக்கு அம்மை என்று சொன்னாராம். அவர் சொன்ன கதையில் ராசிபுரம் இருக்காது, பஜ்ஜி இருக்காது, அம்மாவுக்கு முடியவில்லை என்றது இருக்காது. என் பிள்ளைகளும் அதைத்தான் நம்புகிறார்கள். நான் குறுக்கே புகுந்து திருத்தினால், "அம்மா, தாத்தா சொன்னதுதான் நல்லாயிருக்கு" என்கிறார்கள்.

அன்றைக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்திராமல் இருந்திருந்தால் தொண்ணூறு வாங்கியிருப்பேன். இதை முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகும் சொல்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பழைய தெருக்காரர் என்று எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர் சாப்பிட்ட கையை இலைமேலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையின் சட்டையைத் தோள்வரை வாயால் கவ்வி இழுத்துவிட்டு, பக்கத்து இலைக்காரருக்குத் தழும்பைக் காட்டிச் சொன்னார்:

"அறுவத்திரெண்டு மார்க்கு. பாதிக்கு மேல என்னுதுங்க."