எனக்கு ஜாமீன் போட்ட ரீடிங் மாமா

ஒரு வியாதியும் இல்லாமல் அதிக முறை ஆஸ்பத்திரிக்கு வந்தவர் யார் என்று புதுச்சேரியில் ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் எங்கள் ரீடிங் மாமாவே அள்ளிக்கொண்டு போவார். நான் சொன்னால் நம்பலாம். அந்த ஆஸ்பத்திரியில் டாக்டராக உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

மாமாவுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுக்கும் அரசாங்க உத்தியோகம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். சொந்தப் பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருப்பதாகக் கேள்வி. யார் வீட்டு வாசலிலும் "ரீடிங்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நேரே உள்ளே வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாலும் அதே குரல்தான். குங்குமத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே கண் மீட்டர் பக்கம் போகும். "இன்னாக்கா, மாப்ள வந்து தங்கிட்டுப் போனாரா? ஏசி ஓட்டமா ஓடியிருக்கே" என்பார்.

அவரிடம் இன்னொரு குணமும் உண்டு. நல்ல காரியத்தை ஒரு நிமிஷத்தில் செய்துவிடுவார்; பிறகு வருஷக்கணக்கில் அதை நினைத்துக் கவலைப்படுவார். தெருநாய் ஒன்றுக்கு ஒருநாள் பிஸ்கட் போட்டார். அது தன்னையே நம்பி உட்கார்ந்திருக்கிறதே என்று மாமியார் ஊர்த் திருவிழாவுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். அவர் மனைவியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை இன்றைக்கும் அந்த நாயை முறைத்துத்தான் பார்ப்பார்.

எனக்கு அரசு ஒதுக்கீட்டில் டாக்டர் சீட் கிடைத்தபோது இந்தக் குணம்தான் என்னைக் காப்பாற்றியது. படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் அரசு சுகாதார நிலையத்தில் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதித் தரவேண்டும். பாதியில் ஓடிப்போனால் பெரிய தொகையாக அபராதம். நான் கட்டாவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போட்ட இரண்டு அரசு ஊழியர்களின் தலையில் விடியும். அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். சொந்தத்தில் அரசு உத்தியோகத்தில் இருந்தவர்களையெல்லாம் ஸ்வீட் டப்பாவோடு போய்ப் பார்த்தார். எல்லோரும் ஸ்வீட்டை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெரியப்பாவுக்கு அன்றைக்கென்று பார்த்துக் கையில் சுளுக்கு. ஸ்கூல் டீச்சரான சித்தி மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டார். இன்னொன்றுக்கு ஆளில்லை. மறுநாள் கடைசி நாள்.

அப்பா கல்லாவில் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் "ரீடிங்!" என்று குரல் கேட்டது.

"இன்னாண்ணே, மொகமே சரியில்ல?"

அப்பா விஷயத்தைச் சொன்னார். மாமா ரீடிங் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இதுக்கா இப்டி உக்காந்துட்டீங்க? குடுங்க இங்க" என்று பேப்பரை வாங்கி, சிமென்ட் மூட்டை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஜெராக்ஸ் காப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் சாவகாசமாகப் படித்தார். கூடவே அத்தையும் படித்துவிட்டார்.

அத்தையின் வருத்தம் நியாயமானது. அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நாலு மூலையிலும் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. ரிடையர் ஆனதும் வரும் பணத்தில் மாடி கட்டித் தருகிறேன் என்று கல்யாணமான புதிதில் மாமா கொடுத்த வாக்கு அது. இத்தனை காலமும் அத்தை அந்தக் கம்பிகளில் கொடி கட்டித் துணிதான் காயப்போட்டார். "அந்தப் பொண்ணு எங்கனா போயிடுச்சின்னா என் மாடி போச்சு" என்று அத்தை சொன்னது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

நான் படிப்பு முடித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தைத் தாண்டி ஒரு சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். முதல் திங்கட்கிழமையே ஓ.பி. வரிசையில் சீட்டோடு மாமா நின்றார். தெருவில் 'பாப்பா' என்று கூப்பிடுபவர் அங்கே மரியாதையாக, "வணக்கம் டாக்டர். முட்டி வலி" என்றார். வீட்டுப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, ஊரையே குறுக்கே தாண்டி வந்திருக்கிறார். முட்டியை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. நான் நாற்காலியில் இருக்கிறேனா என்று ரீடிங் எடுக்க வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு வாராவாரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். வாரத்துக்கு ஒரு வியாதி. அதைக்கூட வீட்டில் யோசித்துக்கொண்டு வரமாட்டார். வரிசையில் முன்னால் நிற்பவருக்கு என்னவோ அதையே சொல்லிவிடுவார். ஒருநாள் வேலை மாறி, கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமையில் வந்துவிட்டார்.

"காலைல எந்திரிச்சா கொமட்டுது டாக்டர். புளிப்பா எதனா சாப்பிட்டா தேவலன்னு தோணுது."

நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஊசி அறைக்குள் ஓடிவிட்டார். திரும்பி வந்து, "வந்தது வந்தீங்க, பிரஷராவது பாத்துட்டுப் போங்க சார்" என்று மாமாவின் கையில் பட்டையைச் சுற்றினார். சிரிப்பு அதோடு நின்றது. பிரஷர் நிஜமாகவே எகிறிப் போயிருந்தது.

"அது பாண்டு பிரஷரும்மா. பாண்டு முடிஞ்சா தானா எறங்கிடும்" என்றார் மாமா.

மாத்திரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, இல்லாத வியாதியைச் சொல்லிக்கொண்டு வந்து இருக்கிற வியாதிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்.

வாரம் ஒரு ரீடிங் போதவில்லை போலிருக்கிறது. அலுவலகத்தில் யாரோ போனில் லைவ் லொகேஷன் அனுப்பலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "ஒண்ணுமில்ல பாப்பா, ஆன் பண்ணி வெச்சியின்னா எனக்கு நெஞ்சு படபடப்பு இருக்காது" என்றார். பிரஷர்காரர் ஆயிற்றே என்று நானும் போட்டு வைத்தேன். அது அணைந்த மறுநிமிஷம் போன் வரும்: "பாப்பா, நீ காணாமப் போயிட்ட!"

இந்த நிலைமையில்தான் எனக்கு பிரான்ஸ் மாப்பிள்ளை வந்தார். சொல்தா வீட்டுப் பையன். அதாவது, தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. பையனும் பெண்ணும் நாலு வார்த்தை பேசட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் நோணாங்குப்பத்தில் படகேறினோம். பாரடைஸ் பீச் மணலில் பெரியவர்கள் ஒரு பக்கம் உட்கார, நாங்கள் இருவரும் நடந்தோம். பையன் நல்ல மாதிரிதான். படகில் வரும்போது வாந்தி எடுத்ததைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது.

"மே மாசமே வந்துடுங்க" என்றார்.

"பாண்டு முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கே."

"அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க? கெளம்பி வந்துட்டா என்ன பண்ணிடுவாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு படகு வந்து நின்றது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வேட்டி நனைய ஒருவர் குதித்து ஓடி வந்தார்.

"பாப்பா! நீ தண்ணிக்குள்ள போறியேன்னு போன்ல காட்டுச்சி! பிரான்ஸுக்குத்தான் கெளம்பிட்டியோன்னு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

"இந்தப் படகுலயா மாமா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நடுக்கடல்ல கப்பலு நிக்குமோ இன்னாவோ!"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "யாரு இவரு?"

"எனக்கு ஜாமீன் போட்டவர்" என்றேன்.

மாமா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டினார். "போன்ழூர் தம்பி. உங்கள கொற சொல்லல. தாராளமா கட்டிக்குங்க. பாண்டு முடியிற வரைக்கும் நீங்க இங்க வந்து இருந்துக்குங்களேன்."

"எனக்கு அங்க வேலை இருக்கு அங்கிள்."

"பாப்பாவுக்கும் இங்க வேலை இருக்கே தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிளம்பி வந்துவிட்டால் என்ன பண்ணுவார்கள் என்று மாப்பிள்ளை கேட்டாரே, அதற்குப் பதிலாக அந்த மொட்டைமாடிக் கம்பிகள்தான் என் கண் முன்னால் நின்றன. பாண்டு முடியாமல் வரமாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். திரும்பும் படகில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாமா உட்கார்ந்து வந்தார். அந்தச் சம்பந்தம் அந்தக் கரையோடு முடிந்தது. அம்மா ரொம்ப நாள் மாமாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை.

மாமா ரிடையர் ஆன சமயத்தில்தான் என் பாண்டும் முடிந்தது. பாண்டு முடிந்தது என்று கொடுத்த உத்தரவை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஜாமீன் போடும்போது ஒரு வரி படிக்காதவர், இதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். அத்தை ஓடிவந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அடுத்த வாரமே மாடிக்குச் செங்கல் வந்து இறங்கியது.

"இனிமே நீ எங்க வேணா போலாம் பாப்பா" என்றார் மாமா. ஆனால் அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"எங்கயும் போகல மாமா. அதே ஆஸ்பத்திரியிலயே இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஓ.பி.யில் அவர் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நிஜமான வியாதிக்காரர்களாக வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ ஓ.பி.யே களையிழந்து போனமாதிரி இருந்தது. "என்ன டாக்டர், உங்க ஆளக் காணோம்? மாத்திரைகூட வாங்கலயே" என்று நர்ஸ் அக்கா கேட்டபோதுதான் சுருக்கென்றது. அன்று சாயந்திரம் பிரஷர் பார்க்கும் கருவியோடு போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"ரீடிங்!" என்று குரல் கொடுத்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

மாமா மாடியில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கருவியைப் பார்த்ததும் சாரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். "மாத்திரைய நிறுத்திட்டாரு பாப்பா. பாண்டுதான் முடிஞ்சிடுச்சேங்கறாரு" என்று அத்தை போட்டுக் கொடுத்தார். பிடித்து உட்காரவைத்துப் பார்த்தேன். பாண்டு முடிந்திருந்தது, பிரஷர் முடியவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினேன்.

அன்றிலிருந்து வாராவாரம் போய் ரீடிங் எடுக்கிறேன். போன வாரம் மாடிக்கு கிரகப்பிரவேசம். அந்தக் கூட்டத்திலும் அவரைத் தேடிப் பிடித்தேன்.

"எதுக்கு பாப்பா, இன்னைக்கும் இதத் தூக்கிட்டு வந்து நிக்கற? நான் எங்க ஓடிடப் போறேன்?" என்று சலித்துக்கொண்டார்.

"அந்தப் பயம்தான் மாமா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கையை நீட்டினார்.