இனி ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம்

என்னோடு சண்டை போடவே பிறந்த அருமைத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நீ நலம் என்பது உன் குரலிலேயே தெரிகிறது. நான் நலமா என்பது நாளை ஸ்கேன் ரிசல்ட் வந்தால் தெரியும்.

பதறாதே. கொஞ்ச நாளாகத் தலைவலி. மன அழுத்தத்துக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். 'இருக்கலாம்' என்பது என் கண்ணில் படவில்லை. ஆயுசு முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் அல்லவா, டென்ஷன் தருகிற ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிடத் தொடங்கினேன். முதலில் டி.வி. நியூஸ். அப்புறம் மாடிவீட்டுக்காரர், தண்ணீர் மோட்டாருக்காகத் தினமும் வந்து கத்துவார், "நீங்க சொல்றதுதான் சார் சரி"ன்னு கும்பிட்டுட்டேன், மனுஷன் மிரண்டுபோய் அப்புறம் கீழே வர்றதே இல்லை. சீட்டாட வர்ற ரிட்டயர்டு டிரைவர் ஏமாத்துறதைக் கண்டுக்காம விட்டேன், "உன்னோட ஆடுறதுல சுவாரஸ்யமே போச்சுப்பா"ன்னு அவரும் நின்னுட்டார். இப்ப வீட்டுல பிரிட்ஜ் ஓடுற சத்தம்தான் கேக்குது. தலைவலி மட்டும் போகலை.

டாக்டர்கிட்ட போனேன். "அதெல்லாம் நிரூபணம் ஆகலைங்க, ஆராய்ச்சிக்காரங்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க. உங்களுக்கு அப்படி என்ன டென்ஷன்?"ன்னார். "தங்கச்சி ஒருத்திதான் மிச்சம்"னேன். "வீட்டுல கூட யாரு?"ன்னார். பிரிட்ஜைச் சொல்ல முடியுமா? ஸ்கேன் மெஷினுக்குள்ள தள்ளினாங்க. வெளியே இருந்த பொண்ணு மைக்கில, "பயப்படாதீங்கப்பா, நான் இங்கேயேதான் இருக்கேன்"னுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. "ஐயோ, அசையாதீங்க!"ன்னு மறுபடி முதல்லேருந்து எடுத்துச்சு. எனக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆகவே, டாக்டர் என்ன சொன்னாலும் நமக்கு எதற்கு வம்பு? வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "அப்பாவோட கட்டிலை எங்கே தொலைச்சே?"ன்னு ஆரம்பிப்பியே, அதை இத்தோடு நிறுத்திக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் உன் வாயைத் தவிர உன் எல்லா நல்ல குணங்களோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
டென்ஷன் இல்லாத அண்ணன்

பி.கு.: ரிசல்ட் வந்துவிட்டது. கட்டி கிட்டி ஒன்றும் இல்லையாம், மூக்குக்கண்ணாடியை மாற்றினால் போதுமாம். சந்தோஷத்தில் வீடு முழுக்க நடந்தேன். சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லைம்மா. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, ஞாயிறு வரை காத்திருக்காதே. நானே பண்ணலாம்தான், அண்ணன்தான் முதலில் பண்ணினான் என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாய். சண்டைக்கு விஷயம் நான் யோசித்து வைக்கிறேன்.