மூன்றாம் மாடி ஏணி

பன்னிரண்டு வீடுகளிலும் கேட்டாயிற்று. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

'திட்டம்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து கேள்வித்தாள்களை இன்னொரு தடவை புரட்டினாள். 'உங்கள் கட்டிடத்தின் முக்கியப் பிரச்சினை என்ன?' என்ற கேள்விக்கு எல்லோரும் 'இல்லை' என்றே எழுதியிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் மட்டும் சிவப்புப் பேனாவால் கேள்வியிலேயே இரண்டு பிழைகளைத் திருத்தி, கீழே 'நன்று' என்று போட்டுக் கொடுத்திருந்தார்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. பத்து வயதில், கட்டிடத்துப் பூனைக்கு யார் எந்தக் கிழமை பால் ஊற்றுவது என்று அட்டவணை போட்டு எல்லாக் கதவிலும் ஒட்டியதிலிருந்து 'திட்டம்' என்பதே நிலைத்துவிட்டது. பூனை அட்டவணையை மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். இப்போது பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். சமூகத் தொழில்முனைவோர் போட்டிக்கு மூன்றாவது முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். முதல் இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வருடமும் போனால் போனதுதான்.

அவள் போட்டிக்குக் கொடுத்த யோசனையின் பெயர் 'இரவல்'. ஒரே கட்டிடத்துக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க ஒரு செயலி. காகிதத்தில் நன்றாக இருந்ததால், நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. கட்டிடத்துக்கென்று இருந்த ஒரே ஏணி படிக்கட்டுக்குக் கீழே சாய்ந்திருந்தது. வேண்டியவர்கள் எடுத்தார்கள், வேலை முடிந்ததும் வைத்தார்கள். செயலிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள்.

"அண்ணே, ஏணி கிடைக்காம என்னைக்காவது கஷ்டப்பட்டிருக்கீங்களா?"

"அதான் படிக்கட்டுக்குக் கீழ இருக்கே."

"இல்லைன்னு வச்சுக்குங்க."

"இருக்கும்போது எப்படிம்மா இல்லைன்னு வச்சுக்கிறது?"

"சரி, வேற ஏதாவது கஷ்டம்?"

"முட்டி வலி இருக்கு. எழுதிக்கோ."

"அது இரவல்ல வராதுண்ணே."

"வந்தா சொல்லு. யாருக்காவது குடுத்துடறேன்."

அப்போதுதான் போட்டியை நடத்தும் பேராசிரியை போனில் வந்தார். "நடுவர்கள் அடுத்த சனிக்கிழமை வராங்க. 'இங்க என்ன பிரச்சினை'ன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம்."

"நல்லா இருக்கிறவங்களுக்கு நீ எதுக்கு? ஒரு தேவையைக் காட்டு. இல்லேன்னா காத்திருக்கிற டீமுக்கு உன் இடத்தைக் குடுத்துடுவேன்."

போனை வைத்துவிட்டுத் திட்டம் அழுதாள். இத்தனை நல்லவர்களுக்கு நடுவே குடியிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தையல் வேலையை விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா வெளியே வந்தாள். "என்னடி ஆச்சு?"

"நம்ம பில்டிங்ல ஒரு சண்டைகூட இல்லம்மா."

"நல்லதுதானே?"

"போட்டிக்கு நல்லதில்ல."

படி துடைத்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கையை நிறுத்திக் கேட்டுவிட்டு, மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அம்மா மூன்றாம் மாடிப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுந்திரு, முகத்தைக் கழுவு. டீச்சர் தைக்கக் குடுத்தது முடிஞ்சிடுச்சு, குடுத்துட்டு வந்துடறேன்."

மூன்றாம் மாடிக்குப் போன அம்மா திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அளவு சரியாக இருந்திருக்காது என்று திட்டம் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏணியைக் காணோம். எலக்ட்ரீஷியன் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு கதவுகளும் திறந்தன. ஏணி மூன்றாம் மாடியில், டீச்சர் வீட்டு ஜன்னல் கம்பியோடு சைக்கிள் பூட்டுப் போட்டுக் கட்டியிருந்தது.

"டீச்சர், அது என் ஏணி. என் தொழிலுக்கு வாங்கினது."

"என் வீட்டுக்காரர் வாங்கினதுப்பா. அவர் ஏறினதை நான் பார்த்திருக்கேன்."

"ஏறினா சொந்தமாயிடுமா? நான் தினமும் உங்க படியில ஏறுறேன்."

திட்டத்துக்கு உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். ஆனால் சண்டையை வேடிக்கை பார்க்க அவள் பிறக்கவில்லை, அட்டவணை போடத்தான் பிறந்தாள். ஒற்றைப்படைத் தேதியில் ஏணி அண்ணனுக்கு, இரட்டைப்படைத் தேதியில் டீச்சருக்கு என்று சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட்டாள். மறுக்க ஒரு காரணமும் அகப்படாதவர்களைப் போல இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, சரி என்றார்கள். வாட்ச்மேன் ஏணியைத் தோளில் தூக்கிக் கீழே கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை ஏணி மறுபடியும் மூன்றாம் மாடியில் இருந்தது.

"முப்பத்தொண்ணுக்கு அப்புறம் என்ன தேதி வரும்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒண்ணு, டீச்சர்."

"ரெண்டும் ஒற்றைப்படை. வருஷத்துக்கு ஏழு தடவை அவருக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்பல போகுது. கணக்குல என்னை ஏமாத்த முடியுமா?"

எலக்ட்ரீஷியன் பிப்ரவரியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, லீப் வருடத்தில் மாட்டிக்கொண்டு, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

யாருடையது எது என்று தெளிவாக இருந்தால் இந்தத் தொல்லை வராது என்று திட்டத்துக்குத் தோன்றியது. முதலாம் வருடம் படிக்கும் தங்கையைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், சாமான்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிச் செயலியில் ஏற்றினாள். இரவு சாப்பாட்டுக்குள், இரண்டாம் மாடி பேங்க்காரரின் துளை போடும் மெஷினுக்கு ஐந்து சொந்தக்காரர்கள் முளைத்திருந்தார்கள். மடக்கு மேஜைக்கு நான்கு பேர். அதுவரை யாரும் சீண்டாத ஒரு உடைந்த ஸ்டூலுக்கு மூன்று பேர்.

வாய்ச்சண்டை வேண்டாம், எழுதிப் போடுங்கள் என்று புகார்ப் பெட்டி வைத்தாள். ஒரே நாளில் நாற்பத்து மூன்று புகார்கள் விழுந்தன. வாட்ச்மேன் கொட்டாவி விடுவது இரண்டாம் மாடி வரை கேட்கிறது என்றுகூட ஒன்று இருந்தது. அத்தனையிலும் ஒரு எழுத்துப்பிழை இல்லை. இவர்களுக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும்போலிருக்கிறது என்று அவள் வியந்தாள்.

வியாழக்கிழமை, இன்னொரு ஏணி இருந்தால் சண்டையே தீர்ந்துவிடும் என்று பக்கத்துக் கட்டிடத்துக்குப் போனாள். அங்கே கதவுகள் சங்கிலி அளவுக்குத்தான் திறந்தன. எதிர்வீட்டில் ஏணி இருக்குமா என்று கேட்டதற்கு, "எதிர்வீட்டுல ஆள் இருக்காங்களா?" என்று ஓர் அம்மா திருப்பிக் கேட்டார். பல்பு மாற்ற ஆளும் ஏணியும் இல்லாமல் இரண்டு மாதமாக இருட்டில் குளிப்பதாக ஒரு தாத்தா சொன்னார். கடைசியில் தெருமுனைப் பெயின்டரிடம் கெஞ்சி, சாயம் தோய்ந்த பழைய ஏணி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதைப் பார்த்ததும் வாட்ச்மேன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லது அவருக்கு, சாயம் அப்பினது எனக்கா?" என்றார் டீச்சர்.

"எனக்கு நல்லதும் வேணாம், சாயமும் வேணாம். நியாயம் வேணும்," என்றார் எலக்ட்ரீஷியன்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஏணிகளும் இரண்டு வீடுகளில் பூட்டிக் கிடந்தன. படிக்கட்டுக்குக் கீழே வெறும் சுவர். திட்டம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் காய்ச்சலாகக் கிடந்தபோது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித் தந்ததும், அவள் பரீட்சைக்குப் படித்த நாட்களில் எலக்ட்ரீஷியன் ஒயர் இழுத்துப் படியில் விளக்குப் போட்டுக் கொடுத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. அப்படிப்பட்டவர்களைத் தன் போட்டிக்காகப் பிரித்துவிட்டோமே என்று நினைத்தபடி நேராக அம்மாவிடம் போனாள்.

"நான் விலகிக்கிறேம்மா. மேடத்துக்கு இப்பவே போன் பண்றேன்."

"நாளைக்கு அவங்க வந்துட்டுப் போகட்டும்டி," என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். "அப்புறம் விலகிக்கோ. ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?"

சனிக்கிழமை பத்து மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர், கையில் நோட்டோடு ஓர் அம்மா. அவர்களால் முதல் மாடியைத் தாண்ட முடியவில்லை. கட்டிடத்து ஏணியின் மேல்முனையை டீச்சரும் கீழ்முனையை எலக்ட்ரீஷியனும் பிடித்துக்கொண்டு படியை அடைத்து நின்றார்கள்.

"விடுங்க டீச்சர்."

"என் உயிர் இருக்கிறவரைக்கும் விட மாட்டேன்."

"இங்க என்ன பிரச்சினை?" என்று நோட்டு அம்மா கேட்டார்.

திட்டம் பத்து நாளாகக் காத்திருந்த கேள்வி. பதில் முப்பது பக்கத்தில் தயாராக இருந்தது. அவள் அந்தக் காகிதங்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் மேடம் பிரச்சினை. இவங்க பன்னெண்டு வீடும் ஒரே ஏணியை வச்சுக்கிட்டு நிம்மதியா இருந்தாங்க. நான் அட்டவணை போட்டேன், ஸ்டிக்கர் ஒட்டினேன், பெட்டி வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் சண்டை பெருசாச்சு. அண்ணே, டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஏணியைப் படிக்கட்டுக்குக் கீழயே வச்சுடுங்க. எனக்குப் போட்டி வேணாம்."

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் ஏணியைப் பதமாகக் கீழே இறக்கி, பழைய இடத்தில் சாய்த்தார்கள்.

"அப்போ உங்க இரவல் அவ்வளவுதானா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

திட்டம் யோசித்தாள். "இங்க அது வேணாம் சார். பக்கத்துப் பில்டிங்ல வேணும். அங்க எதிர்வீட்டுல யார் இருக்காங்கன்னே தெரியல. ஒரு தாத்தா ரெண்டு மாசமா இருட்டுல குளிக்கிறார். ஆனா அங்கயும் முதல்ல செயலி வேணாம். படிக்கட்டுக்குக் கீழ ஒரு ஏணி வச்சாப் போதும். எடுக்க வர்றவங்க முகம் பார்த்துக்குவாங்க."

நடுவர்கள் இருவரும் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். நோட்டு அம்மாதான் திரும்பி வந்து சொன்னார். "அடுத்த மாசம் இறுதிச் சுற்று. அங்க வைக்கிற ஏணியையும் கொண்டு வாங்க."

திட்டம் பெயின்டர் ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டிடத்தில் வைத்தாள். தாத்தாவுக்குப் பல்பும் மாட்டிக் கொடுத்தாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் தூசியும் சிரிப்புமாக இருந்தாள். வாசலில் வாட்ச்மேன் சட்டையை விலக்கித் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, தோள்ல வலியா?"

"ஆமாம்மா," என்றார் வாட்ச்மேன். "அடுத்த வருஷம் உன் தங்கச்சி போட்டிக்கும் சண்டை வேணும்னா ஏணி மட்டும் வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு, நீ தீர்த்துத் தீர்த்து வைக்க, டீச்சர் மறுபடி மறுபடி மேல ஏத்தச் சொல்ல, எத்தனை தடவைதான் நான் மூணு மாடி தூக்குறது?"