சிப்புக்குள் மாட்டிக்கொண்ட சாவி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் மகளும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் நலமாகத்தான் இருப்பீர்கள். என் உழைப்பில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு நலத்தில் என்ன குறை? இது மரியாதையான கடிதம் என்பதால் திருடன் என்ற சொல்லை அளவாகவே பயன்படுத்துகிறேன்.

போன வாரம் பல் டாக்டரின் வீட்டோடு சேர்ந்த மருத்துவமனையில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தேன். திடீரென்று மாடியிலிருந்து என் மனைவியின் குரல்: "ஏங்க, காது கேக்குதா இல்லையா? தண்ணி வழியுது!" பழக்கதோஷம். வாயில் குழாயோடு "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடிவிட்டேன். போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை நிறுத்தும் பெட்டி. அதன்மேல் உங்கள் கடைப் பெயர். உள்ளே பேசுவது என் ஃபர்ம்வேர், சிப்புக்குள் நான் ஏற்றும் நிரல்! இதன் எலும்புக்கூடு ஓப்பன் சோர்ஸ்தான், வலையில் யாரும் எடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் அலையடித்தால் ஏமாறாமல் காத்திருந்து நிறுத்துவதும், தொட்டி நிறைந்தால் என் மனைவியின் குரலில் கத்துவதும் நான் ஒரு வருஷம் பின்னறையில் உட்கார்ந்து சேர்த்தவை. இதைச் சுட்டவரைத் திருடன் என்று சொல்லாமல் திருவாளர் என்றா சொல்வது?

எனவே பூட்டினேன். எங்கள் தெருமுனை அடுக்குமாடிக்கு வியாழக்கிழமை முப்பது பெட்டி தரவேண்டும். தவறினால் உங்களிடம்தான் போவார்களாம். அதனால் நிரலை மொத்தமாக ஒரு கோப்புறையில் போட்டு, யானைக்குக் கட்டும் சங்கிலி நீளத்துக்கு ஒரு சாவிச்சொல் வைத்தேன். அதை எங்கே எழுதி வைப்பது? தாளில் எழுதினால் மனைவி பார்ப்பாள், கணினியில் வைத்தால் மகள் பார்ப்பாள். அதனால் மாதிரிப் பெட்டியின் சிப்புக்குள்ளேயே வைத்து, அந்தச் சிப்பையும் பூட்டினேன். வெளியிலிருந்து யாராவது படிக்க முயன்றால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பூட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நானே திருடன் வேஷம் கட்டிக்கொண்டு படித்துப் பார்த்தேன். பிரமாதமான பூட்டு, மாப்பிள்ளை. சொன்ன சொல் தவறவில்லை. சாவியோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

"அப்பா, வேற காப்பி இருக்கா?" என்றாள் மகள்.

"காப்பியே எடுக்க முடியாதபடி செய்றதுதானே திட்டம்?"

"அப்ப திட்டம் வெற்றிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது என் மேஜையில் முப்பது பெட்டிகளும் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கின்றன. ஆனாலும் எச்சரிக்கிறேன்: இனி என் சரக்கில் ஒரு வரியைக்கூட உங்களால் எடுக்க முடியாது. (என்னாலும் முடியாது, அது வேறு விஷயம்.)

தங்கைக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
நொந்துபோன மச்சான்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மகள் படித்துவிட்டாள். "மாமா திருடலைப்பா. கேட்டாரு, கொடுத்தேன். கேட்டவங்களுக்குக் கொடுக்கணும்னுதானே ஓப்பன் சோர்ஸ் உரிமத்துல இருக்கு?" என்கிறாள். நீங்கள் என் நிரலில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்தி, என் பெயரை முதலில் போட்டு, வலையில் எல்லோருக்கும் வைத்திருக்கிறீர்களாம். அரை மணியில் அதை இறக்கி எல்லாப் பெட்டியிலும் ஏற்றிவிட்டாள். பெட்டிகள் பேசுகின்றன, வியாழக்கிழமை பிழைத்தது. ஆனால் என் பெயருக்கு அடியில் "குரல்" என்று போட்டு என் மனைவியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை அவள் பார்த்துவிட்டாள். "என்னைக் கேக்காம என் குரலை எடுத்தது நீங்க. பேரைப் போட்டது அண்ணன்" என்று இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். முப்பது பெட்டியிலும் அவள் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே மேலே திருடன் என்று வரும் இடங்களில் எல்லாம் என்னை நினைத்துப் படித்துக்கொள்ளவும்.