பெட்டி வாசலில் இரண்டு நாற்காலி

கெலுகோர், பினாங்கு.
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ராகினிக்கு,

அப்பா விநாசித்தம்பி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்றும், பயிற்சிக்கு அழைத்துப் போனவர்கள் வேளைக்குச் சாப்பிட விடுகிறார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம். வீடும் நலம், சமையலறைக் குழாய் மட்டும் பழையபடி ஒழுகுகிறது. நீ என்னை நம்பி விட்டுச் சென்றவை இரண்டு. அதில் தேனீப் பெட்டி நலம் என்றே நினைக்கிறேன். மாப்பிள்ளை நலமா என்பதுதான் தெரியவில்லை, அதற்காகத்தான் தாளை எடுத்தேன். வாட்சப் இருக்கும்போது தாள் எதற்கு என்று கேட்பாய். என் போன் பழுதானால் திறந்து பார்த்துச் சரிசெய்கிறவர் மாப்பிள்ளை. அவரைப் பற்றிய புகாரை அவர் கையிலேயே கொடுத்ததாக ஆகிவிடும். புகார் என்று எழுதிவிட்டேன், தப்பு. கவலை என்று வாசித்துக்கொள்.

விமான நிலையத்துக்குப் போகும்போது நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பெட்டியைத் திறக்காதீங்கப்பா, வாசலை மட்டும் பாருங்க, உள்ள என்ன நடக்குதுன்னு வாசலே சொல்லிடும்" என்றாய். மாப்பிள்ளை தள்ளுவண்டி எடுக்கப் போன நேரத்தில், "அவரையும் ஒண்ணும் கேக்காதீங்க, வேலை போனதிலேர்ந்து கேள்வின்னாலே சுருங்கிப் போறார்" என்றாய். ஆக எனக்கு இரண்டு வாசல். ஒன்று கொய்யா மரத்தடியில் உள்ள பெட்டி வாசல், இன்னொன்று நான் உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னறைக்கு மாறிய முன்னறை வாசல். இரண்டையும் திறக்கக் கூடாது, வெளியே நின்று பார்த்துத்தான் உள்ளே இருப்பவர்களின் சுகத்தை அறிய வேண்டும். துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்தவனுக்கு உட்கார்ந்து பார்ப்பது ஒரு கஷ்டமா என்று நினைத்தேன். தவிர, மாப்பிள்ளையிடம் கேள்வி கேட்காமல் இருப்பது நமக்குப் புதிது இல்லையே. உன் அம்மாவைப் பெற்ற தாத்தா என்னிடம் கடைசிவரை "சாப்பாடு ஆச்சா" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை, நானும் "ஆச்சு" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை. அப்படியும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருந்தோம்.

பெட்டி விஷயத்தில் ஆரம்பமே கோணலாகிவிட்டது. நீ புறப்பட்டுப் போன அந்த வாரத்தில் வாசலில் வந்து இறங்கிய தேனீக்களின் பின்னங்கால்களில் மஞ்சள் மஞ்சளாக வீக்கம். நம் குடும்பத்தில் கால் வீங்கினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அதிலும் விடிந்தால் எழுந்தால் தேனையே சாப்பிடுகிற ஜன்மங்கள், சர்க்கரை வராமல் வேறென்ன வரும்? பக்கத்து வீட்டுச் சிக்கந்தரின் மனைவி சித்தி ஹாஜராவை வேலிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று பாகற்காய் அரைத்து ஒரு கிண்ணம் கொடுத்தார். அதை ஒரு தட்டில் ஊற்றிப் பெட்டி வாசலில் வைத்தேன். ஒருத்தியும் வாய் வைக்கவில்லை. மருந்து சாப்பிட மறுப்பதும் நம் குடும்பத்து வழக்கம்தான் என்று எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்புறம் நான் வாட்சப்பில் கேட்டதற்கு நீதான், அது வியாதி இல்லை, பூவிலிருந்து கொண்டுவரும் மகரந்தம், குஞ்சுகளுக்குச் சாப்பாடு, மகரந்தம் வந்தால் ராணி நன்றாக முட்டையிடுகிறாள் என்று அர்த்தம் என்று எழுதினாய். கூடவே ஒரு வரிசை சிரிக்கிற மூஞ்சிகளையும் அனுப்பியிருந்தாய். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாலும் நீ சிரித்தாயே என்று இருந்தது.

அடுத்தது விசிறி. வெயில் கொளுத்திய ஒரு பகலில் ஏழெட்டுத் தேனீக்கள் வாசலில் வரிசையாக நின்று இறக்கையை அடித்த வேகத்தில் எனக்கே மூச்சு வாங்கியது. ஆனால் பறக்கவில்லை, கால் ஒட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே நிற்கின்றன. பிறகு புரிந்தது, உள்ளே புழுக்கம், இவர்கள் காற்றோட்டம் உண்டாக்குகிறார்கள். பாவம் இத்தனை பெண்பிள்ளைகள் கஷ்டப்படும்போது நாம் பார்த்துக்கொண்டிருப்பதா என்று மேசை விசிறியை ஒயர் நீட்டி எடுத்துப் போய் வாசலுக்கு நேரே வைத்து மூன்றில் போட்டேன். வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வாசலைத் தாண்டிப் பறந்து சித்தி ஹாஜரா காயப்போட்டிருந்த துணியில் போய் விழுந்தார்கள். நான் விசிறியை நிறுத்தக் குனிந்த இடத்தில் கோபக்காரி ஒருத்தி என் கழுத்தில் கொட்டிவிட்டாள். என் சத்தம் கேட்டு முன்னறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து, தன் ஐசி அடையாள அட்டையால் கழுத்திலிருந்த கொடுக்கை வழித்து எறிந்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். "வலிக்குதா மாமா" என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் "ஆச்சு" என்றேன். அவர் மறுபடி உள்ளே போய்விட்டார்.

அப்போதெல்லாம் அவர் வாசல் சொன்ன சேதி நல்லதாக இல்லை, ராகினி. நான் மூடிவைத்துவிட்டு வரும் சாப்பாடு பாதி திரும்பி வரும். செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். நேர்முகத் தேர்வு என்று இரண்டு தடவை சட்டையை இஸ்திரி போட்டுப் போனார், இரண்டு தடவையும் திரும்பி வந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்காதது மரியாதையா கல்நெஞ்சா என்று எனக்கே பிடிபடவில்லை.

அப்புறம்தான் போம்பா வண்டி வந்தது. ஒரு புழுக்கமான சாயங்காலம் தேனீக்கள் பாதிக்கு மேல் வெளியே வந்து பெட்டி முகப்பில் தாடி மாதிரி தொங்கின. மாடியிலிருந்து பார்த்த சித்தி ஹாஜரா, அவை தெபுவான் குளவி, கொட்டினால் ஆளே போய்விடுவார் என்று பயந்து தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். நம் சந்துக்குள் நுழைய முடியாமல் சிவப்பு வண்டி முனையில் நிற்க, உடுப்பும் தலைக்கவசமுமாக இருவர் இறங்கி வருகிறார்கள். பெட்டியைக் கொளுத்திவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அந்த நேரம் மாப்பிள்ளை கைலியும் பனியனுமாக வெளியே வந்து பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு மலாயில் பேசினார் பார், உங்கள் கல்யாணத்தில்கூட அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை. இது தெபுவான் இல்லை, வளர்க்கிற தேனீ, உள்ளே ஆள் நிறைந்துவிட்டது, புழுக்கத்துக்குக் காற்று வாங்க வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சாயங்காலமானால் எல்லாரும் கீழே இறங்கி வருவதில்லையா, அந்த மாதிரிதான் என்றார். வந்தவர்களில் மூத்தவர் தன் மாமியார் வீடும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார். சித்தி ஹாஜரா வெட்கப்பட்டு, சிக்கந்தரின் சாப்பாட்டுக் கடையிலிருந்து நாசி கண்டார் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று மாப்பிள்ளையின் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

மறுநாள் காலையில் நான் பெட்டி வாசலுக்குப் போனபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. அதன் பிறகு வந்த நாட்களைப் போல நான் அனுபவித்து வெகுகாலம் ஆகிறது. விடிந்ததும் ஆளுக்கொரு கோப்பியோடு உட்காருவோம். "இன்னிக்கு மஞ்சள் நெறைய வருது மாமா" என்பார். ஆமாம் என்பேன். நேற்றைக்கு இன்று கூட்டம் அதிகம் என்பேன், அவர் ஆமாம் என்பார். இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் குரலிலிருந்தே அவர் தூங்கினாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். முகச்சவரம் செய்ய ஆரம்பித்தார். ஒரு நாள் பசாருக்கு அவரே போய் மீன் வாங்கி வந்து, நம் வீட்டுச் சொதி எப்படி வைப்பது என்று கேட்டார். நான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், கண் பட்டுவிடும் என்று எழுதவில்லை.

எழுதாமலே பட்டுவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில், கறுப்பாக, தடியாக, பெரிய பெரிய கண்ணோடு இருக்கிறார்களே, இவர்கள் யார் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். மாப்பிள்ளை போனில் தேடி வாசித்தார். "ஆண் தேனீ மாமா. தேன் கொண்டுவராது, காவல் காக்காது, கூட்டுல உட்கார்ந்து சாப்பிடும். மழைக்காலத்துல தீனி கொறஞ்சா பெண் தேனீங்க இதுங்கள..." அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீதியை வாசலே எனக்குச் சொல்லிவிட்டது. அடுத்த நாள் பார்க்கிறேன், இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு தடியனை இறக்கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து வாசற்படியிலிருந்து கீழே தள்ளுகிறார்கள். அவன் மறுபடி ஊர்ந்து ஏறுகிறான், மறுபடி தள்ளுகிறார்கள். வேலை போய் வீட்டில் இருக்கிற ஒரு மனிதர் கோப்பியோடு உட்கார்ந்து பார்க்கிற காட்சியா இது?

உடனே குடையை விரித்துப் பெட்டிக்கு முன்னால் பிடித்தேன். மழை விட்டிருந்தது. மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் கொடியில் என் கைலியைப் பிரித்துத் தொங்கவிட்டு மறைத்தேன், காற்று அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியது. அதற்கடுத்த நாள், அவர் வாசல் பக்கம் வராமலிருக்கப் போனைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம் என்று அதில் எதையோ அழுத்த, எழுத்தெல்லாம் கொரிய மொழிக்கு மாறிவிட்டது. அவர் ஒரு நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே விழுந்தவர்களை அவர் பார்க்காத நேரத்தில் பொறுக்கி மைலோ டின்னில் போட்டுச் சீனித் தண்ணீர் வைத்தும் பார்த்தேன். ஊட்டிவிட ஆள் இல்லாததாலோ என்னவோ, அவர்கள் பிழைக்கவில்லை.

இப்போது இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கிறது. மாப்பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று முன்னறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. அலமாரி மேலிருந்த பெரிய பையை இறக்கித் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் போகப் போகிறார், ராகினி. உன் பெயரில் உள்ள வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆண் என்று தன்னை நினைத்துக்கொண்டுவிட்டார், அதை இந்தப் பெட்டி வாசலில் நான்தான் உட்காரவைத்துக் காட்டினேன். அவர் சம்பளத்தைப் பார்த்தா நான் உன்னைக் கொடுத்தேன்? உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் ஒரு தும்மல் சத்தம் கேட்டாலும் அது என்னுடையதாகத்தான் இருக்கும். அவர் வந்த பிறகுதான் இருமினால் "தண்ணி வேணுமா மாமா" என்று ஒரு குரல் கேட்கிறது. எனக்கு ஆண்பிள்ளை இல்லாத குறை அதோடு தீர்ந்தது. இதையெல்லாம் அவரிடம் நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நம் வீட்டில் யாருக்கு வந்திருக்கிறது? அதனால் பயிற்சியும் பதவி உயர்வும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீ கிடைத்த முதல் விமானத்தில் புறப்பட்டு வா.

தண்ணீர்மலை முருகன் உன்னையும் உன் புருஷனையும் சேர்த்தே வைத்துக் காக்க வேண்டும். சித்தி ஹாஜராவும் சிக்கந்தரும் உன்னை விசாரித்தார்கள். கழுத்து வீக்கம் வடிந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
விநாசித்தம்பி

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது மாப்பிள்ளை என் பின்னறை வாசலில் வந்து நின்றார், கையில் பை. எனக்கு உயிரே போய்விட்டது. "மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். அந்த ஆண் தேனீக்களைப் பார்க்க முடியாமல் நான் குடையும் கைலியுமாகத் தவிப்பதை அவரால் தாங்க முடியவில்லையாம். "அது ஒங்களச் சொல்லல மாமா. ரிட்டயர் ஆனா என்ன, ராகினி பேர்ல எழுதிக் கொடுத்தா என்ன, இது ஒங்க வீடு லா. நீங்க முன்னறைக்கு வாங்க, நான் இங்க வந்துடறேன்." அன்று பாதியில் வாசிப்பை நிறுத்தியதும் என் மனம் நோகக் கூடாது என்றுதானாம். மகள் வீட்டில் சும்மா இருக்கிற ஆண் நான்தான் என்று இத்தனை வயதில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, மகளே. இப்போது தோன்றிவிட்டது, அதற்கும் மாப்பிள்ளைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நான் யாருக்காக மறைத்தேன் என்று சொல்ல முயன்றேன், வழக்கம்போல் வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டேன். பாகற்காயில் சிரிக்க ஆரம்பித்தார். விசிறிக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவள வரச் சொன்ன எடத்த மட்டும் அடிச்சிடுங்க மாமா. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். அடித்துவிட்டேன். என் பேனா மை கொஞ்சம் மங்கல், கீழே இருப்பது தெரியத்தான் செய்கிறது. தெரியாத மாதிரி இருந்துகொண்டு, பயிற்சியை முடித்துவிட்டு வா.